பிளஸ் டூ முடித்த கையோடு: முதல் பயோடேட்டா எழுதுவது பற்றி



நம் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் அச்சடித்த பயோடேட்டா படிவம் கிடைக்கிறது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆனவரா இல்லையா, கல்வித் தகுதி, முன் அனுபவம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று ஓர் உறுதிமொழி, அதன் கீழே கையெழுத்து. பிளஸ் டூ முடித்த பிள்ளை அதை வாங்கிப் பூர்த்தி செய்கிறது. மதிப்பெண்ணை எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. முன் அனுபவம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, நான்கு நகல் எடுத்துக்கொண்டு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பேருந்து ஏறிவிடுகிறது.

நான் இன்று பேச வந்தது அந்தக் கோட்டைப் பற்றித்தான். ஆலை ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். தளியிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் வருகிற பிள்ளைகளின் தாள்களில் அந்தக் கோட்டை ஓயாமல் பார்த்திருக்கிறேன். அது பொய். பதினேழு பதினெட்டு வயது வரை நம் ஊரில் ஒரு வேலையும் அறியாமல் வளர்ந்த பிள்ளையை நான் அநேகமாகக் கண்டதே இல்லை.

பயோடேட்டாவே இல்லாமல் ஆள் எடுத்த காலமும் இந்த ஓசூருக்கு உண்டு. சிப்காட் நிறுவனம் 1971ல் தொடங்கியது. ஓசூரில் தொழிற்பேட்டை வந்த பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக இங்கே வந்தன. 1980ல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே ஆண்டுதான் வந்தது. 1984ல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகச் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை ஆரம்பித்தன. கைக்கடிகாரம் என்பது கண்ணும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை. அதற்கு அவர்கள் வெளியூரிலிருந்து பழகிய தொழிலாளரைத் திரட்டி வரவில்லை. அன்றைக்கு இந்தப் பகுதி தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்தான். அந்தப் பின்தங்கிய மாவட்டத்தின் கிராமப்புறப் பள்ளிகளில் படித்து முடித்த இளம் பிள்ளைகளைத் தேடி எடுத்தார்கள். பதினேழு பதினெட்டு வயது. பலருக்கு ஊரைவிட்டு வெளியே தங்குவதே முதல் தடவை. அவர்களைத் தம் பிள்ளைகளைப் போல வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ள ஓசூரில் குடும்பங்களை ஏற்பாடு செய்தார்கள். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கைகளில் உருவான கடிகாரங்கள்தான் பின்னால் நாடு முழுவதும் போயின.

இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அனுபவம் என்று எழுத ஒன்றும் இல்லாத பிள்ளையிடமும் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க அன்றைக்கு ஆள் இருந்தார்கள். நேரில் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, குருபரப்பள்ளியில் டெல்டா, ஓசூரில் ஏத்தர் என்று புதிய ஆலைகள் வந்திருக்கின்றன. போச்சம்பள்ளி ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா 2021ல் அறிவித்தது. ஓசூர் ஐபோன் ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பெண்கள் ஆறாயிரம் பேர் பயிற்சி பெற்று வருவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். இத்தனை ஆயிரம் பேரை எடுக்கும் இடத்தில் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேச முதல் நாள் எவருக்கும் நேரம் இருப்பதில்லை. உங்களுக்கு முன்னால் உங்கள் தாள் உள்ளே போகிறது. அதை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பார்த்துவிட்டு இரண்டு அடுக்குகளில் ஒன்றில் போடுகிறார்கள். அன்றைக்கு ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து கண்டுபிடித்ததை இன்றைக்கு நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, என்ன எழுதுவது? இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

உங்களில் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி வகுப்பு. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். இளம்புழு மையத்திலிருந்து, இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழு வருகிறது. வளர்ப்பு மனைக்குள் செருப்போடு போகக் கூடாது. கிருமிநாசினியில் கையும் காலும் கழுவித்தான் போக வேண்டும். புழு தோலுரிக்கும்போது இலை போடக் கூடாது, சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். கடைசிப் பருவம் ஒரு வாரம். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை அந்த ஒரு வாரத்தில் தின்றுவிடும். அப்போது ஒரு வேளை இலை தவறினாலும் கூட்டின் எடை குறைந்துவிடும். வெப்பம் 25 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 70க்கு மேல் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த புழுவை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளையின் கண்தான். கூடு கட்டி முடித்ததும் பிரித்தெடுத்து, கறைபட்டதையும் இரட்டைக் கூட்டையும் தனியே ஒதுக்கி, ஓசூர் அங்காடிக்கோ எல்லை தாண்டி ராமநகரத்துக்கோ கொண்டு போகிறீர்கள்.

இப்போது ஒரு மின்னணு ஆலையின் உற்பத்திப் பிரிவுக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் காலணி மாற்ற வேண்டும். தூசு உள்ளே வரக் கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் பதிவேட்டில் எழுதப்படும். குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட வேலை முடிய வேண்டும். குறையுள்ள பொருளைக் கண்ணால் கண்டு தனியே வைக்க வேண்டும். உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுவும் ஒரே ஒழுங்கு. அதை முன் அனுபவம் என்ற இடத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், 'அது வீட்டு வேலைதானே சார்' என்கிறீர்கள். வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான். சம்பளம் வாங்கினேன் என்று எழுத வேண்டாம். என்ன செய்தேன் என்று எழுதுங்கள். 'ஒன்பதாம் வகுப்பு முதல், குடும்பத்தின் பட்டுப்புழு வளர்ப்பில் உதவி. பள்ளிக்கு முன் காலை இலை வைத்தல், வெப்பமும் ஈரப்பதமும் பார்த்துக் குறித்தல், கூடுகளைத் தரம் பிரித்தல்.' இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. இந்த வரியைப் படிக்கிறவர் தலை நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்.

பாகலூர், தளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரோஜா. பசுமைக்குடிலில் வெட்டிய பூவைக் காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிக் குளிர்அறைக்கு அனுப்பும் வேலையை விடுமுறையில் பார்த்திருக்கிறீர்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் காதலர் தின ஏற்றுமதி நெருக்கடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாம்பழக்காரர்களுக்குத் தோத்தாபுரி சீசன், கூழ் ஆலைக்கு லோடு எண்ணி அனுப்புவது. அப்பா கடை வைத்திருந்தால் மாலையில் கல்லாவில் உட்கார்ந்து, ரொக்கத்தையும் ஜிபே பணத்தையும் தனித்தனியாக எழுதிக் கணக்கு முடிப்பது நீங்கள்தான். இவை எல்லாம் எழுதத் தக்கவை. எழுதும்போது எவ்வளவு, எத்தனை நாள், எதை என்று சொல்லுங்கள். 'கடின உழைப்பாளி' என்று எழுதாதீர்கள். அதை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை.

என்எஸ்எஸ் முகாமுக்குப் போனவர்கள் 'தலைமைப் பண்பு' என்று எழுதுகிறார்கள். ஏழு நாள் முகாமில் என்ன செய்தீர்கள்? நாற்பது பேருக்குச் சமையல் பொருள் வாங்கிக் கணக்கு வைத்தீர்களா? ஏரிக்கரையில் முள் வெட்டினீர்களா? அதை எழுதுங்கள். கணினி என்ற இடத்தில் 'எம்எஸ் ஆபீஸ்' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். எக்செல்லில் பட்டியல் போட்டுக் கூட்டத் தெரியும் என்றால் அப்படியே எழுதுங்கள். தெரியாது என்றால் அந்த வரியே வேண்டாம்.

மொழிகள். இதில் நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு நிகர் யாருமில்லை. வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், பள்ளியில் தமிழ், பக்கத்துத் தெருவில் உருது, பாடத்தில் ஆங்கிலம். சென்னையில் படித்த பிள்ளைக்கு இது கிடைக்காது. ஆனால் நீங்கள் தாளில் 'தமிழ், ஆங்கிலம்' என்று மட்டும் எழுதுகிறீர்கள், ஏனென்றால் மதிப்பெண் பட்டியலில் அந்த இரண்டுதான் இருக்கின்றன. பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலைக்குப் போனால் கன்னடம் பேசுகிறவரை வேண்டி எடுப்பார்கள். ஓசூர் ஆலையில் ஜார்க்கண்ட் பெண்ணும் மாண்டியாப் பையனும் சூளகிரிப் பையனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அங்கே இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒரு விஷயத்தைப் புரியவைக்கத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. எனவே ஒவ்வொரு மொழிக்கும் எதிரே பேசுவேன், படிப்பேன், எழுதுவேன் என்று தனித்தனியாகக் குறியுங்கள். தெலுங்கு பேச மட்டும் தெரியும் என்றால் பேச மட்டும் என்றே எழுதுங்கள்.

அடுத்தது பெயர். சின்ன விஷயம்போல் தோன்றும், ஆனால் பல பேருக்கு வேலையில் சேரும் நாளில் தகராறு வருவது இதில்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. கர்நாடகப் பக்க நிறுவனங்களின் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கும். பயோடேட்டாவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். மற்றவற்றில் வேறுபாடு இருந்தால் கோடை விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் திருத்தி வையுங்கள். வேலை கிடைத்த பிறகு ஓடாதீர்கள்.

தொலைபேசி எண். மாணவிகளுக்காக இதைச் சொல்கிறேன், பெற்றோரும் கேட்க வேண்டும். பெண் பிள்ளையின் தாளில் பெரும்பாலும் அண்ணன் எண் அல்லது அப்பா எண் இருக்கிறது. நேர்காணலுக்கு அழைப்பு வரும் நேரம் அப்பா வயலில் இருக்கிறார், அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். தெரியாத எண் என்று எடுப்பதில்லை, எடுத்தாலும் மாலையில் சொல்ல மறந்துவிடுகிறார். ஆள் எடுக்கும் இடத்தில் இரண்டாம் முறை அழைக்க மாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நல்ல தாள், நல்ல மதிப்பெண், தகுதியான பெண், ஆனால் ஃபோன் எடுக்கப்படவில்லை என்று விடுபட்டுப் போனதை நான் மனம் கனத்துப் பார்த்திருக்கிறேன். பெற்றோர்களே, உங்கள் மகள் பெயருக்கு ஓர் எண் கொடுங்கள். அது முடியாவிட்டால் தாளில் இரண்டு எண் எழுதி, எது யாருடையது என்றும் எழுதுங்கள். தாள் கொடுத்த நாள் முதல் இரண்டு வாரம் எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுங்கள். எடுத்துப் பேசுகிறவர் தகவலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதக் கூடாதவை. மதம், சாதி, தந்தையின் வருமானம், திருமண நிலை, ஆதார் எண், இவை எதுவும் முதல் தாளில் வேண்டியதில்லை. அச்சடித்த படிவம் கேட்கிறது என்பதற்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதற்கு ஆதாரம் இருக்கிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். முடிவுகள் 2007ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் வெளிவந்தன. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்துக்கொண்டால், அதே தகுதியுள்ள தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அவர்கள் தாளில் சாதியை எழுதவே இல்லை, பெயர் மட்டும்தான். பெயரை நீங்கள் மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். அது உங்கள் பெயர், அநியாயம் செய்கிறவர் திருந்த வேண்டுமே தவிர நீங்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கேட்காத தகவலை நீங்களாகவே எழுதிக் கொடுத்து, பாகுபாடு பார்க்கிறவருக்கு வசதி செய்து தர வேண்டாம். இதில் ஒரு விலக்கு உண்டு. அரசு வேலை, அரசுப் பயிற்சி, தொழில் பழகுநர் இடம் ஆகியவற்றில் இடஒதுக்கீடு உங்கள் உரிமை. அங்கே கேட்கும்போது சாதிச் சான்றிதழைத் தயங்காமல் நீட்டுங்கள்.

டிடிபி கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தால் அவர் முந்தைய பிள்ளையின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிவிடுவார். மேலே 'குறிக்கோள்' என்று ஒரு வாக்கியம் இருக்கும். பெயர்பெற்ற நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபடுவது என்று அழகான ஆங்கிலத்தில். ஒரே நாளில் வந்த தாள்களில் பாதிக்கு மேல் அந்த வாக்கியம் எழுத்து மாறாமல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிடும். சில சமயம் பழைய பிள்ளையின் பொழுதுபோக்கும் அப்படியே வந்துவிடும், கேரம் தெரியாத பெண்ணுக்குக் கேரம். ஆகவே முதலில் தமிழில் உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு ஆங்கில ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தமிழிலோ கன்னடத்திலோ இரண்டு நிமிடம் உங்களால் பேச முடிய வேண்டும். பேச முடியாத வரியை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

தாளை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தேர்வு முடிவு வரும் மாதம் தெருவுக்குத் தெரு ஏஜென்சிப் பலகை முளைக்கும். நகல் மட்டும் கொடுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்க்கக் காட்டலாம், கையில் விட்டு வரக் கூடாது. வேலைக்குப் பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதினெட்டு நிறையாதவர்கள் வயதைக் கூட்டி எழுதாதீர்கள். பெரும்பாலான ஆலைகள் பதினெட்டு நிறைந்தவரையே எடுக்கின்றன, ஆதாரில் தெரிந்துவிடும், அத்தோடு உங்கள் பெயர் அங்கே கெட்டுவிடும். பதினெட்டு நிறையும் வரை உள்ள சில மாதங்களில் ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி என்று சேர்ந்துவிடுவதே நல்லது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மேற்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 

வேலை என்று அழைத்தால் மூன்று கேள்வி கேட்கப் பழகுங்கள். நான் தொழில் பழகுநரா, ஒப்பந்தத் தொழிலாளரா, நிறுவனத்தின் நேரடிப் பணியாளரா? எழுத்தில் தருவீர்களா? பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் உண்டா? தொழில் பழகுநர் என்றால் 1961ம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாக வேண்டும். 2019ல் திருத்திய விதி பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லித் தெளிவாகக் கேட்கிற பிள்ளையை ஏமாற்ற யோசிப்பார்கள்.

கடைசியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நடத்தைச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைக்கும் 'நன்று' என்று எழுதுகிறீர்கள். ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையிலிருந்து பிரித்துக் காட்ட அந்தச் சொல்லால் முடியாது. ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயை உடைக்காமல் கையாண்ட பையன் யார், மழையில் ஆற்றுப்பாலம் மூழ்கிய வாரத்திலும் நேரத்துக்கு வந்த பெண் யார், கணக்குத் தெரியாத தோழிக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே வாக்கியம், பள்ளியின் தாளில், முத்திரையோடு எழுதிக் கொடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு வார மாலை வேலை அது. இந்த ஆண்டு முடியாவிட்டால் பயோடேட்டா எழுதும் பிள்ளைகளுக்கு மட்டுமாவது முதலில் தாருங்கள்.

பிள்ளைகளே, முன் வரிசையிலிருந்து வெள்ளைத் தாள் வருகிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துப் பின்னால் அனுப்புங்கள். மேலே பெயர், கீழே எண் எல்லாம் பிறகு. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் செய்த வேலைகளில் நான்கை மட்டும் இப்போது தமிழில் எழுதுங்கள். நான் ஒவ்வொரு பெஞ்சுக்கும் வருகிறேன்.